பிளாஸ்டிக் போர் விமான மாடல்: டெல்டாக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கும்பகோணம். பன்னெண்டு வருஷமா பிளாஸ்டிக் விமான மாடல் செய்யறேன், பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் ஃபைட்டர்கள் தான். தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம்னு சுத்துப்பட்டுல இருந்து புதுசா ஆரம்பிக்கறவங்க போன்ல கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். உதாரணத்துக்கு முழுக்க ஹாக்கர் ஹரிகேன்ங்கற பிரிட்டிஷ் ஃபைட்டர் விமானத்தையே எடுத்துக்கிட்டேன், ஏன்னு கீழ சொல்றேன். ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. பெட்டிக்குள்ள வர்ற செய்முறைத் தாள் நம்ம ஊர் மழையையும் வெயிலையும் பாத்து எழுதினது இல்ல, எப்ப ஒட்டணும் எப்ப பெயிண்ட் அடிக்கணும்னு நாம தான் மாசத்த பாத்து முடிவு பண்ணணும்.

அக்கா, இது பறக்குமா?

பறக்காதுங்க. அலமாரியில வச்சு பாக்கறதுக்கு. பெட்டிய தொறந்தா பிளாஸ்டிக் சட்டத்துல பாகம் பாகமா ஒட்டிக்கிட்டிருக்கும், அந்த சட்டத்துக்கு ஸ்ப்ரூன்னு பேரு. ஒவ்வொன்னா நறுக்கி, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, கடைசியா சின்னங்கள ஒட்டினா உண்மையான விமானத்தோட அச்சு அசல் குட்டி வடிவம் கிடைக்கும்.

முதல் தடவைக்கு எந்த விமானம்? எல்லாரும் ஸ்பிட்ஃபயர் எடுன்னு சொல்றாங்க, நீங்க ஏன் ஹரிகேன்னு சொல்றீங்க?

ஸ்பிட்ஃபயரும் அதே காலத்து பிரிட்டிஷ் ஃபைட்டர், நல்ல விமானம் தான், எடுத்தா தப்பில்ல. ஆனா ஹரிகேன் நமக்கு கிட்டத்து சொந்தம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்கு ஜப்பான் கப்பல் படையோட விமானங்க கொழும்ப தாக்குனப்போ எதிர்த்து மேல ஏறுனது ஹரிகேன், நாலு நாள் கழிச்சு ஏப்ரல் 9ல திரிகோணமலைய தாக்குனப்பவும் ஹரிகேன் தான். கோடியக்கரையில நின்னு கடல பாத்தா அந்தாண்ட இருக்கற ஊருங்க இதெல்லாம். அதுக்கப்புறம் 1944ல மணிப்பூர்ல இம்பால சுத்தி சண்டை நடந்தப்போ அங்க இந்திய விமானப்படையோட 1வது ஸ்க்வாட்ரன் (விமானப் பிரிவு) ஓட்டுனதும் ஹரிகேன், அதுக்கு தலைமை தாங்கினவர் அர்ஜன் சிங், பின்னாடி 2002ல மார்ஷல் ஆஃப் தி ஏர்ஃபோர்ஸ் ஆனாரே அவரே தான். பர்மா கரையோரம் இருக்கற அரக்கான் பக்கம் மெஹர் சிங் தலைமையில 6வது ஸ்க்வாட்ரன் இதே ஹரிகேன்ல தாழப் பறந்து எதிரி எங்க இருக்கான்னு வேவு பாத்துச்சு.

நம்ம தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனே அந்த உலகப்போர் காலத்துல போட்ட ஓடுதளம் தான். 2020 ஜனவரில அங்க சுகோய் 30 ஸ்க்வாட்ரன் வந்ததுல இருந்து அந்தப் பக்கத்து பசங்க எல்லாருக்கும் சுகோய் மாடல் தான் வேணும். ஆசை நியாயம் தான், ஆனா அது ரெண்டு இன்ஜின், பெரிய உடம்பு, கலர் கலந்து கலந்து வரும், முதல் மாடலுக்கு அது பாதியில நின்னுடும். பாதியில நின்ன பெட்டி பரண்ல ஏறிடுச்சுன்னா திரும்ப எறங்காது, நான் நெறைய வீட்டுல பாத்துட்டேன்.

செய்யறதுக்கும் ஹரிகேன் சுலபம். இறக்கை தடிமன், சக்கரக் கால் அகலமா நிக்கும், அதனால மாடல் ஒரு பக்கமா சாயாது.

1/72, 1/48 இதெல்லாம் என்ன கணக்கு?

உண்மையான விமானத்த எத்தனை பங்கா சுருக்கியிருக்காங்கன்னு அர்த்தம். 1/72ல ஆறடி ஆள் ஒரு இன்ச் உசரம், இத ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். ஹரிகேன் இறக்கை இந்த முனையில இருந்து அந்த முனைக்கு 40 அடி, அப்போ 1/72ல கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர், 1/48ல சரியா 10 இன்ச், 1/32ல 15 இன்ச். கண்ணு கொஞ்சம் மங்க ஆரம்பிச்சவங்க 1/48 எடுங்க. ஸ்கூல் பிள்ளைங்க 1/72, விலையும் கம்மி, எடமும் கம்மி.

எங்க வாங்கறது? நம்ம ஊர்ல கிடைக்குமா?

கிட் (பாகங்களோட வர்ற மாடல் பெட்டி) ஆன்லைன்ல தான், இல்லன்னா சென்னை பெங்களூர் ஹாபி கடைங்க. ஏர்ஃபிக்ஸ், டாமியா, ரெவெல், ஹாசேகாவா இதெல்லாம் பழைய பேருங்க, 1/72ல ஹரிகேன் மார்க் 2சிங்கற வகைக்கு போலந்து கம்பெனி அர்மா ஹாபி போட்டிருக்கறது ரொம்ப துல்லியம்.

ஆனா கருவிங்க பாதிக்கு மேல நம்ம கடைத்தெருவுலயே இருக்கு. நகை செய்யற தட்டான்க பயன்படுத்துற சாமணமும் ஊசி அரமும் நகைப் பட்டறை சாமான் விக்கிற கடையில கேளுங்க, ஹாபி கருவின்னு பேர் போட்டு விக்கிறத விட பல சமயம் உறுதியா இருக்கும். வாட்டர் பேப்பர் டிங்கர் பட்டறைக்கு சாமான் போடுற பெயிண்ட் கடையில 400, 600, 1000னு நம்பர் சொல்லி வாங்குங்க. மர வேலைக்கு போடற சாதா உப்புத்தாள் வேண்டாம், கீறல் ஆழமா விழும். சின்ன பிளேடு கத்தி ஒன்னு, நறுக்க சைடு கட்டர் ஒன்னு. கட்டர் மட்டும் நல்லதா வாங்குங்க, எலக்ட்ரீஷியன் கட்டர்ல பாகம் நசுங்கி வெள்ளையா தழும்பு விழுந்துடும். நறுக்கும்போது பாகத்த ஒட்டி நறுக்காதீங்க, கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, மிச்ச துண்ட ரெண்டாவது வெட்டுல எடுத்து அப்புறம் பேப்பர்ல தேய்ங்க.

நறுக்கறதுக்கு முன்னாடி சட்டத்தோட சேத்து சோப்பு தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. அச்சுல இருந்து பிளாஸ்டிக் சுலபமா வரணும்னு ஒரு எண்ணெய் தடவியிருக்கலாம், அது இருந்தா பெயிண்ட் பிடிக்காது.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டினா போதாதா?

போதாது. ஃபெவிக்விக் மேலாக்க பிடிச்சுக்கும், கீழ விழுந்தா பட்டுன்னு விட்டுடும், தப்பா ஒட்டினா நகர்த்தவும் முடியாது. மாடலுக்குன்னு இருக்கற தண்ணி மாதிரி பசை வேற, அது பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைச்சு ரெண்டையும் ஒன்னா ஆக்கிடும், வெல்டிங் மாதிரி. ரெண்டு பாகத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இணைப்பு கோட்டுல பிரஷ் நுனிய தொட்டா போதும், பசை தானா உள்ள ஓடும். விரல் கோட்டு மேல இருக்கக் கூடாது, இருந்தா பசை விரலுக்கு அடியில ஓடி ரேகை அப்படியே பிளாஸ்டிக்ல பதிஞ்சுடும். ஜன்னல தொறந்து வச்சுக்கிட்டு ஒட்டுங்க, அந்த வாடை தலவலி கொடுக்கும்.

பட்டறை தின்னரையும் நெயில் பாலிஷ் ரிமூவரையும் வெறும் பிளாஸ்டிக் கிட்ட கொண்டு போகாதீங்க, கரைஞ்சு போயிடும்.

செய்முறை தாள்ல முதல்ல உள்ள சீட்டு தான் போட்டிருக்கு, வெளிய ஒட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாமா?

முடியாது தம்பி. விமானத்தோட உடம்பு ரெண்டு பாதியா வரும், மூடிட்டா உள்ள கை போகாது. உள்ள பிரிட்டிஷ் விமானத்துக்கு சாம்பல் கலந்த பச்சை, இன்டீரியர் க்ரீன்னு கடையில கேளுங்க. சீட்டு, பெல்ட்டு, கருவிப் பலகை எல்லாம் பெயிண்ட் அடிச்சு காஞ்சப்புறம் தான் மூடணும். மூடறதுக்கு முன்னாடி பசை இல்லாம ஒரு தடவை, ரெண்டு தடவை பொருத்திப் பாருங்க. நானே எதையும் பசை இல்லாம மூணு தடவை பொருத்திப் பாக்காம ஒட்டறதில்ல, இடிக்கிற எடத்த அரத்தால லேசா இழைச்சா கோடே தெரியாம உக்காரும்.

ரெண்டு பாதிய ஒட்டின எடத்துல கோடு தெரியுது, எப்படி மறைக்கிறது?

எல்லாரும் தடுமாற எடம் இது, அதனால விலாவாரியா சொல்றேன். பசைய போட்டு ரெண்டு பாதியையும் மெதுவா அழுத்தினா கோட்டுல இருந்து உருகின பிளாஸ்டிக் மணி மணியா வெளிய பிதுங்கும், நெய் பிதுங்கற மாதிரி. அத தொடைக்காதீங்க! சந்து அடைக்கற பட்டி உங்களுக்கு அது தான். ரெண்டு நாள் அப்படியே விடுங்க, மழைக்காலம்னா மூணு நாள். நல்லா இறுகினப்புறம் கத்திய செங்குத்தா பிடிச்சு சுரண்டி, 400 பேப்பர், அப்புறம் 600, அப்புறம் 1000 தண்ணி தொட்டு தேய்ச்சா கோடு காணாம போயிடும். அவசரப்பட்டு மறுநாளே தேய்ச்சா உள்ள இன்னும் மெத்துன்னு இருக்கும், அப்போ சரியா தெரியும், ஒரு மாசம் கழிச்சு பெயிண்ட் மேலயே பள்ளமா உள்வாங்கிடும். அப்படியும் சந்து இருந்தா மட்டும் பட்டி வைங்க, அதுவும் மெல்லிசா ரெண்டு தடவை.

ஹரிகேன்ல ஒரு எடம் ரொம்ப கவனம். பைலட் சீட்டுக்கு பின்னாடி உடம்பு தகரம் இல்ல, மரச்சட்டத்து மேல துணி இழுத்துக் கட்டினது. மாடல்லயும் அது அப்படியே இருக்கும், விரல வச்சு தடவினா நீளவாக்குல மெல்லிசான மேடுங்க தட்டும், நனைஞ்ச வேட்டி கொடிக்கம்பி மேல ஒட்டிக்கிட்ட மாதிரி. முதுகுக் கோட்ட தேய்க்கறப்போ அந்த மேட்டையும் சேத்து மழிச்சுடாதீங்க, போனா திரும்ப வராது. ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு நடுவுல இருக்கற கோட்ட மட்டும் தேய்ங்க. தேய்ச்சதுக்கப்புறம் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, பகல்ல தெரியாத கோடெல்லாம் நிழலா எந்திரிச்சு நிக்கும்.

பெயிண்ட் எப்ப அடிக்கிறது? எனக்கு ஒவ்வொரு தடவையும் வெள்ளையா பூத்துடுது.

மாசத்த சொல்லுங்க, காரணத்த நான் சொல்றேன். ஐப்பசி கார்த்திகையில அடிச்சிருப்பீங்க. லேக்கர் பெயிண்டோ (தின்னர் கலந்து அடிக்கறது), பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷோ அடிக்கும்போது தின்னர் வேகமா ஆவியாகி மேல்பரப்பு குளுந்துடும், காத்துல இருக்கற ஈரம் அது மேல படிஞ்சு புகை மாதிரி வெளுத்துடும். நம்ம டெல்டாவுல வடகிழக்கு மழை பிடிச்சா வீட்டு சுவரே வேர்க்கும், அதுல மாடல் என்ன ஆகும்? ஒரு கார்த்திகையில மூணு மாசம் உழைச்ச ஹரிகேனுக்கு கடைசி மேட் வார்னிஷ் அடிச்சேன், வெளிய தூறல், பரவால்லன்னு நெனச்சிட்டேன். பத்து நிமிஷத்துல பச்சையும் பழுப்பும் போய் விமானமே விபூதி பூசின மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம் தை மாசம் வெயில் வந்ததும் அது மேலயே பளபளப்பான க்ளாஸ் வார்னிஷ் ஒரு கோட்டிங் கொடுத்தேன், வெளுப்பு அடங்கி கலர் திரும்பி வந்துச்சு, காய விட்டு மறுபடி மேட் அடிச்சு சரி பண்ணேன். உங்களுக்கும் அப்படி ஆச்சுன்னா தூக்கிப் போட்டுடாதீங்க, இத முயற்சி பண்ணுங்க.

நான் வச்சிருக்கற கணக்கு இது. மழை மாசத்துல நறுக்கறது, ஒட்டறது, தேய்க்கறது, விமானத்துக்கு உள்பக்கம் பிரஷ்ல அக்ரிலிக் (தண்ணி கலக்கற பெயிண்ட்) அடிக்கறது மட்டும். தையில இருந்து பங்குனி வரைக்கும் ஸ்ப்ரே வேலை, அதுவும் காலையில பனி விலகி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு மூணு மணிக்குள்ள முடிச்சுடணும். ஆனா அந்த நேரம் தான் சம்பா அறுப்பும் நடக்கும், வயல் பக்கத்து வீடுன்னா மிஷின் ஓடற அன்னிக்கு கண்டிப்பா அடிக்காதீங்க, வைக்கோல் தூசி ஈர பெயிண்ட்ல உக்காந்தா ஒன்னும் பண்ண முடியாது. சித்திரை வைகாசியில வேற பிரச்சனை, அக்ரிலிக் ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட தெளிக்கற பேனா மாதிரி கருவி) மூக்குலயே காஞ்சு அடைச்சுக்கும், மாடல்ல போய் விழறதுக்குள்ள காஞ்சு மணல் மாதிரி சொரசொரப்பாயிடும், அதனால விடிகாலையில அடிங்க, காயறத மெதுவாக்கற ரிட்டார்டர் நாலஞ்சு சொட்டு கலந்துக்கோங்க. ஆடியில காத்து அம்மியையே பறக்க வைக்கும், மாடியில நின்னு ஸ்ப்ரே அடிக்கற நெனப்பே வேண்டாம்.

எந்த மாசமா இருந்தாலும் அடிச்ச மாடல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வச்சு காய விடுங்க.

ஏர்பிரஷ் இல்லாம முடியாதா?

தாராளமா முடியும். என்னோட முதல் நாலு மாடல் கை பிரஷ் தான். தட்டையான மெத்து பிரஷ், அக்ரிலிக் பெயிண்ட், பால் பதத்துக்கு கரைச்சுக்கிட்டு ஒரே திசையில மெல்லிசா மூணு கோட்டிங். முதல் கோட்டிங் திட்டு திட்டா அசிங்கமா தான் இருக்கும், பதறி மேல மேல அப்பாதீங்க, நல்லா காய விட்டு அடுத்தது அடிங்க, மூணாவதுல சமமாயிடும். கோலம் போடற கை இருக்கறவங்களுக்கு பிரஷ் சீக்கிரம் படியும்.

ஏர்பிரஷ் வாங்கினா 0.3 மி.மீ. ஊசி, அழுத்தம் 15ல இருந்து 20 பிஎஸ்ஐ. மாஸ்க் கட்டாயம் போடுங்க, துணி மாஸ்க் இல்ல, ஃபில்டர் வச்சது.

ஹரிகேனுக்கு என்ன கலர்? வட்ட சின்னத்துல சிவப்பு வருமா வராதா?

மேல டார்க் எர்த்ங்கற பழுப்பு, டார்க் க்ரீன் ரெண்டும் அலை அலையா, அடியில மீடியம் சீ க்ரே. முதல்ல அடிப்பக்கம் சாம்பல், அப்புறம் பழுப்பு, கடைசியா பச்சை.

சிவப்பு பத்தி நல்ல கேள்வி. பிரிட்டிஷ் வட்டத்துக்கு நடுவுல சிவப்பு உண்டு, ஆனா ஜப்பான்காரன் விமானத்துலயும் சிவப்பு சூரியன் தான் சின்னம். வானத்துல ஒரு நொடியில பாத்து சுடணும்ங்கறப்போ சிவப்பு தெரிஞ்சா நம்ம ஆளையே சுட்டுடுவாங்க, அதனால பர்மா பக்கம் பறந்த விமானங்கள்ல சிவப்ப எடுத்துட்டாங்க, நீலத்துக்குள்ள வெளிர் நீலமோ வெள்ளையோ தான் இருக்கும். இம்பால் ஹரிகேன் செய்யறவங்க சிவப்பு வட்டம் ஒட்டினா அது தப்பு. இன்னொன்னு, நம்ம பக்கம் வந்த ஹரிகேன்கள்ல மூக்குக்கு கீழ தாடை மாதிரி ஒரு தூசி ஃபில்டர் துருத்திக்கிட்டு நிக்கும், கிட்ல அந்த பாகம் தனியா கொடுத்திருப்பாங்க, பாத்து எடுங்க. மார்க் 2சின்னா இறக்கையில நாலு 20 மி.மீ. பீரங்கி நீட்டிக்கிட்டு இருக்கணும்.

டெக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னம்) ஒட்டினா ஓரத்துல வெள்ளி மாதிரி மின்னுது, ஏன்?

சொரசொரப்பான மேட் பெயிண்ட் மேல ஒட்டியிருப்பீங்க, அடியில காத்து மாட்டிக்கிச்சு. டெக்காலுக்கு முன்னாடி க்ளாஸ் வார்னிஷ் அடிச்சு வழவழன்னு ஆக்கிடணும். அப்புறம் தண்ணி. போர்வெல் தண்ணியில ஊற வைக்காதீங்க, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் உப்பு ஜாஸ்தி, காஞ்சதும் வட்டமா வெள்ளைக் கறை நிக்கும், கேன் தண்ணி எடுத்துக்கோங்க. அரை நிமிஷம் நனைச்சு வெளிய வச்சா தானா நழுவும். மேல டெக்கால மெத்தாக்கற மைக்ரோ சால் திரவத்த தடவினா டெக்கால் சுருங்கி நசுங்கி கெட்டுப் போன மாதிரி தெரியும், அப்போ கை வைக்காதீங்க, காயும்போது அதுவே இழுத்துக்கிட்டு படிஞ்சுடும்.

பழைய கிட்ல டெக்கால் மஞ்சளா போயிருந்தா ஜிப் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வைங்க. நம்ம வெயில்ல சில நாள்லயே வெளுக்கும்.

பரண்ல வச்ச கிட்ல இறக்கை வளைஞ்சு போச்சு.

ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுப் பரண்ல வைக்கவே கூடாது, கார் டிக்கியிலயும் கூடாது. வளைஞ்சத நல்ல சுடு தண்ணியில, கொதிக்கற தண்ணி வேண்டாம், கொஞ்ச நேரம் முக்கி மெதுவா எதிர்ப்பக்கம் வளைச்சுப் பிடிச்சுக்கிட்டே பச்சத் தண்ணியில விட்டுடுங்க, நின்னுடும். ஒரே தடவையில நேராக்கப் பாக்காதீங்க.

பைலட் தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடிய எதுல ஒட்டறது?

வெள்ளை ஃபெவிகால். காஞ்சா தெரியாது. ஃபெவிக்விக் போட்டா அந்தப் புகையில கண்ணாடி பால் பூத்துடும்.

போர் விமானத்த பிள்ளைங்க கையில கொடுக்கறது சரியா? எங்க வீட்டுல இதுக்கு எதிர்ப்பு.

எதிர்ப்புல நியாயம் இருக்குன்னு தான் நானும் நெனக்கறேன். எங்க தாத்தா ரங்கூன்ல அரிசி மண்டியில கணக்கு எழுதினவர். 1941 டிசம்பர் 23 அன்னிக்கு ஜப்பான் விமானங்க ரங்கூன் மேல குண்டு போட்டப்போ அவர் அங்க இருந்தார், அப்புறம் நடந்தே ஊர் வந்து சேந்தார், கூட கெளம்புன ரெண்டு பேர் வரல. கடைசி வரைக்கும் வானத்துல சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசலுக்கு வந்து பாப்பார். அதனால எனக்கு இந்த மாடல் வீரதீர பொம்மை இல்ல. என் பையன் கூட உக்காந்து செய்யும்போது எந்த விமானம், யார் ஓட்டுனா, கீழ யார் இருந்தாங்கன்னு மூணையும் சேத்து தான் சொல்றேன். அவன் கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நேரம் இருக்கு, ரெண்டு நாள் பசை காயணும் இல்லையா.

எட்டு வயசுக்கு கீழ கத்தி வேண்டாம், தேய்க்கறதும் கழுவறதும் கொடுங்க.

முடிச்ச மாடல எங்க வைக்கிறது? கொலுவுல வைக்கலாமா அக்கா?

வழக்கமா கண்ணாடி அலமாரி, நேர் வெயில் படாத எடம். பல்லி நடமாட்டம் இருக்கற சுவருக்கு பக்கத்துல திறந்து வைக்காதீங்க, வால் பட்டு ஆன்டெனா ஒயர் அறுந்துடும். தூசிய துணியால தொடைக்காம மெத்து பிரஷ்ல தட்டி விடுங்க.

கொலுவுல தாராளமா வைக்கலாம், நாங்க வருஷா வருஷம் வைக்கறோம். படிக்கட்டுல இல்ல, கீழ பிள்ளைங்க போடற பார்க்ல. ஒரு தட்டுல காவேரி மணல் பரப்பி நடுவுல செம்மண்ண தண்ணி தெளிச்சு அழுத்தினா ஓடுதளம் ஆச்சு, ரெண்டு ஓரமும் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னாடியே நெல்லோ கேழ்வரகோ வெதச்சு விட்டா வயல். தண்ணி தெளிக்கறப்போ மட்டும் விமானத்த எடுத்து தள்ளி வச்சிடுங்க, டெக்கால்ல தண்ணி நின்னா கறை. காத்தாடிய ஒட்டாம சொருகி மட்டும் வச்சிருந்தீங்கன்னா வர்ற குழந்தைங்க சுத்திப் பாக்கறப்போ உடையாது, கழண்டு விழுந்தா எடுத்து மறுபடி சொருகிக்கலாம்.